நினைவுக் கல்லுக்கு ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு

2025 டிசம்பர் 6, சனிக்கிழமை, காலை 10.40. நினைவுக் கல்லில் எட்டுப் பெயர்கள். படிக்க முடிந்தவை ஏழு.

படிக்க முடியாத எட்டாவதுதான் இருப்பதிலேயே புதியது. நூறு வருட எழுத்து நிற்கிறது, பன்னிரண்டு வருட எழுத்து போய்விட்டது. எப்படி?

நீலகிரியில் உள்ள போர் நினைவுச் சின்னங்களைப் பார்த்து எழுதி வருகிறேன். "எங்க ஊர்க் கல்லு பாழாக் கெடக்குது" என்று ஒரு வாசகர் எழுதியதால் கிளம்பினேன். குன்னூரிலிருந்து மஞ்சூர் பஸ், டிக்கெட் 34 ரூபாய். இறங்கித் தேயிலைக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. இதில் வருகிறவர்கள் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

கவனிப்பாரற்ற கல்லைப் பார்த்துத் திட்டலாம் என்று போனால், அங்கங்கே கொஞ்சம் பாசி தவிர கல் பளிச்சென்று இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத நால்வருக்காகக் கருங்கல் தூணில் பதித்த வெள்ளைப் பளிங்குப் பலகை. பிற்பாடு இறந்தவர்களை ஒருவர் கீழ் ஒருவராக வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் கொடிநாள். ஊர்க் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற ஹவில்தார் நஞ்சன், பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக் கழுவத் தயாராக நின்றார். கையில் பாத்ரூம் கழுவும் ஆசிட் கேன்.

"ஏனுங்க, இதையா ஊத்தறீங்க?"

"வருசா வருசம் இதேதாங்க. பட்டாளத்துல பழகின கை, ஒரு பொட்டுப் பாசி இருக்கக் கூடாது. நுரை வந்தா அழுக்கு கழலுதுன்னு அர்த்தம்."

"அது அழுக்கு இல்லீங்க. கல்லு கரையுது."

"தம்பி எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?"

கெமிக்கல் இன்ஜினியர் என்றேன்.

"அப்ப லேப்ல இருக்கோணும். மலையில என்ன வேலை?"

தூணைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டார். பெயர் செல்வி, தேயிலை ஃபேக்டரியில் வேலை. எல்லையில் பனிச்சரிவில் இறந்த அவர் கணவரின் பெயர்தான் அந்த எட்டாவது.

"வெட்டுன ஆசாரி சரியில்லைன்னு கமிட்டி சொல்லுது. நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பந்தானேன்னு இவங்கதான் மேலாப்ல வெட்டச் சொல்லிட்டாங்கன்னு நான் சொல்றேன். எழுத்து மங்கின நாள்ல இருந்து இதே சண்டைங்க."

தூணுக்குப் பின்னால் பலகையின் ஓரத்திலிருந்து உடைந்த பளிங்குச் சில்லு கிடந்தது. தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஒரு பேப்பர் கப்பில் போட்டு ஆசிட் ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது.

"இதுல எங்கேங்க அழுக்கு?"

மேலே ஊற்றுவது வழிந்து அடிவிளிம்பில் தேங்கும். கடைசி வரி அதிலேயே ஊறும். அவ்வளவுதான் விஷயம், பள்ளிக்கூடப் பாடம். நஞ்சன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரும் வஞ்சகம் பண்ணலையா?" என்றார் செல்வி. "மரியாதை பண்ணியே அழிச்சிட்டீங்களா?"

நஞ்சனின் போன் அடித்தது. கமிட்டிச் செயலாளர். நாளைக்கு ஆபீசர்கள் வருகிறார்கள், கல் வெளுத்ததா என்று கேட்கிறார்.

"பாசியோடதான் இருக்கும். மாலை போடறவங்க போடட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தார். கேனை மூடி ஓரமாக நகர்த்தினார்.

என் கோபம் அந்த மனிதர் மேல் இல்லை. பராமரிப்பு என்று கேன் வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, கல்லைப் பற்றித் தெரிந்த ஓர் ஆளைக்கூடக் கேட்காதவர்கள் மேல். இதற்கு முன் பார்த்த இரண்டு ஊர்களிலும் இதே கேன்தான். உயிரைக் கொடுத்தவன் பெயருக்குக் கக்கூஸ் ஆசிட். அதைச் செய்துவிட்டு சல்யூட் வேறு.

போகிறவர்களுக்கு: திரும்பும் கடைசி பஸ் மாலை 4.15, ஸ்வெட்டர் அவசியம். எழுத்து தெரியவில்லை என்று சுரண்டாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள், தேய்ந்த வெட்டும் நிழல் காட்டும். அப்படி அடித்தபோது எட்டாவது வரியில் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. செல்வி குனிந்து பார்த்துவிட்டு, "மறுபடி ஆழமா வெட்ட முடியுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இனி நான் செய்யப்போவது:

1. எட்டு வரிகளிலும் மிச்சம் இருப்பதை டார்ச் வெளிச்சத்தில் படமெடுப்பது.
2. தண்ணீர், மென்மையான பிரஷ், வேறொன்றும் கூடாது என்று எழுதி முன்பு போன இரண்டு ஊர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது.
3. பளிங்கில் வேலை செய்கிற ஒருவரை அழைத்துப்போய் பலகையின் தடிமனை அளந்து, மறுபடி ஆழமாக வெட்ட முடியுமா என்று பார்க்க வைப்பது.
4. முடியும், முடியாது, எதுவானாலும் செல்வியிடம் நேரில் போய்ச் சொல்வது. "பார்க்கலாம்" என்று சொல்லமாட்டேன்.