ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கனடா ஒத்திகை

எங்கள் குடும்பம் கனடாவுக்குக் குடிபோவதை, பதினோரு வயதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்து, ஒற்றை ஆளாகக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். பஞ்சுப் பொதியைப் பிரித்து உடைக்கும் பகுதியில் வேலை. நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பம் போட்டு, சென்னைக்கு மெடிக்கல் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. வீட்டில் ஒருவர் தேறாவிட்டாலும் மொத்தக் குடும்பத்துக்கும் கதவைச் சாத்திவிடுவார்களாம். இதைக் கேட்டதிலிருந்து நான் என் உடம்பையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். மாங்காய் தின்று பல் கூசினால், போச்சு, கனடா போச்சு என்று போர்வைக்குள் புகுந்துகொள்வேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதற்கும் ஒத்திகை பார்க்கிறவர். தன் கல்யாணத்துக்கு முதல் நாள் தூணுக்கு மூன்று முடிச்சுப் போட்டுப் பழகியவர். "சென்னையில பாக்குறதுக்கு முந்தி நம்மளே ஒருக்கா பாத்துக்கிடுவோம் அத்தான்" என்றார். உள்ளூரில் பார்த்தால் மில்லுக்குத் தெரிந்துவிடும் என்று பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், எக்ஸ்ரே இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியைப் பிடித்தார்.

கிளம்பும்போது அம்மா என் காதைத் திருகாத குறையாகச் சொன்னாள்: "அப்பா இருமுறதப் பத்தி அங்க மூச்சு விடக்கூடாது. கேட்டியாலே?"

அப்பா ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போய் இருமலை மறைப்பது, அதுவும் நாமே தேடிப்போகிற ஒத்திகை டாக்டரிடம் மறைப்பது என்ன நியாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமாதான் விளக்கம் வைத்திருந்தார்: "காயிதத்துல எழுதிட்டாகன்னா கனடா வரைக்கும் போயிரும்."

பஸ்ஸில் இருமல் வரும்போதெல்லாம் அப்பா அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டே வந்தார். முன்சீட்டுக்காரர் திரும்பி, "என்ன அண்ணாச்சி, ஒரே சந்தோசமா வாரீக?" என்று கேட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜில்லென்ற பலகையோடு நெஞ்சை ஒட்டி நிறுத்திவிட்டு, எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து குரல் வந்தது.

"தம்பி, மூச்சு விடக்கூடாது. என்ன?"

அம்மா சொன்ன அதே வார்த்தை! எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அம்மா இவரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இவர் நம்ம ஆள்.

"விட மாட்டேண்ணே! எங்கப்பா ஆறு மாசமா இருமுறத நான் யாருகிட்டயும் மூச்சு விடல!"

மெஷின் உறுமி ஓய்ந்தது. அவர் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தார். "ஆறு மாசமாவா?" என்றார். என் படம் ஆடிப்போனதைக்கூடப் பார்க்காமல் நேரே டாக்டரம்மா அறைக்குப் போய்விட்டார்.

சட்டையை அள்ளிக்கொண்டு எதிரில் தெரிந்த கதவைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அது ஒன்றுக்குப் பிடித்துக் கொடுக்கிற அறை. அங்கே நின்றபடியே என் எதிர்காலத்தைத் திட்டமிட்டேன். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு நடந்தே ஓடிப்போவது. காட்டில் பழம் தின்று வாழ்வது. யானை வந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில் திட்டம் முடிந்து அழுகை ஆரம்பித்தது.

மாமா கதவைத் தட்டினார். "ஏலே, வெளிய வாலே! சின்னப் பாட்டில்தாம்லே கேட்டாக. நீ என்ன குடத்தையா நெரப்புத?"

வெளியே வந்தால், அப்பாவை உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது.

கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் டாக்டரம்மா கூப்பிட்டார். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. "டி.பி. எல்லாம் இல்ல. மில்லுல பஞ்சு உடைக்கிற எடமா? அந்தத் தூசிதான். மொதல்ல அங்கருந்து வேற வேலைக்கு மாத்திக் கேளுங்க. மருந்து எழுதித் தாரேன். இம்புட்டு நாளா இத வச்சிக்கிட்டு என்ன செஞ்சீங்க?"

அப்பா சிரிப்பு வேஷம் எதுவும் போடாமல், ஆசை தீர இருமினார்.

அம்புட்டிலும் என் காதில் நின்றது 'எழுதித் தாரேன்' என்பது மட்டும்தான். எழுதிவிட்டார்கள். இனி அது கனடா வரைக்கும் போய்விடும்.

வெளியே வந்த அம்மா ஆஸ்பத்திரி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்தில் போய் நின்று, உலகத்தில் உள்ள தைரியத்தையெல்லாம் திரட்டிக் கேட்டேன்.

"கனடா போச்சாம்மா?"

அம்மா மூக்கைச் சிந்தினாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "கனடா கெடக்குலே கழுத!" என்றாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

சென்னையில் எல்லோரும் தேறினோம், கனடாவுக்கும் வந்து சேர்ந்தோம். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு இருந்த குழப்பம் வேறு. மாதக்கணக்காகக் கனடா, கனடா என்று எத்தனையோ சாமியிடம் வேண்டிக்கொண்டவள், அது கைவிட்டுப் போன அன்றைக்கு ஏன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறாள்? ராஜபாளையம் வந்து இறங்குகிற வரை யோசித்தேன். பிடிபடவே இல்லை.