லஸ் முனையில் ஒரு வெள்ளை ஸ்கூட்டர்

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை கிடைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாத் தெருவும் தெரியுமா?" என்பதுதான். கேமரா வைத்த முனைகள் மட்டும் தெரியும் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவருக்குச் சர்க்கரை ஏறி, எண்ணெயில் பொரித்ததைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சமர்த்தாகச் சுண்டலும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டார். எடை மட்டும் இறங்கவில்லை. தைராய்டாக இருக்கலாம் என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் அடையாறிலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று கிளம்பியது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண், ரத்தப்போக்கு நிற்கவில்லை. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் டிரைவர் ஹாரன் அடித்தே வழி வாங்க வேண்டும். இப்போது அந்த வண்டி எங்கள் திரை வரைபடத்தில் ஒரு புள்ளியாக நகரும். அது நெருங்க நெருங்க, முன்னால் இருக்கும் சிக்னல்களைப் பச்சையாக்கிவிடுவோம்.

மந்தைவெளி வரை தடையில்லாமல் வந்த புள்ளி, லஸ் முனைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. சிக்னல் பச்சைதான். ஆனால் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்ததில் சாலையே பாதியாகியிருந்தது. அதிலும் பஜ்ஜிக் கடை வாசலில் ஒரு வெள்ளை ஸ்கூட்டர் குறுக்காக நின்றது. அதைத் தாண்ட முடியாமல் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்.

கேமராவைத் திருப்பி ஸ்கூட்டரைப் பெரிதாக்கினேன். நம்பரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் இருந்த முருகன் ஸ்டிக்கரை ஒட்டியதே நான்தான். கிண்டியில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனவர், பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முனைக் கம்பத்தில் ஒலிபெருக்கி உண்டு. எங்கள் அறையிலிருந்தே பேசலாம். மைக்கை எடுத்தேன். வண்டி எண்ணைச் சொல்லி, ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொன்னேன். அவர் அசையவில்லை. யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அடுத்த முறை விதிமுறையை விட்டுவிட்டேன்.

"பஜ்ஜியைக் கீழ வைங்க. வண்டியை எடுங்க."

அவர் தலை சட்டென்று மேலே திரும்பியது. கடையில் நின்ற நாலைந்து பேரும் சேர்ந்து தட்டைக் கீழே வைத்தார்கள். "சார், உங்களைத்தான் கூப்டுகினு கீறாங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். இது பிற்பாடு என் வீட்டுக்காரரே சொன்னது. ஸ்கூட்டரைத் தள்ளிப் பிளாட்பாரத்தில் ஏற்றினார். அதோடு நிற்காமல் ஓடிப்போய் இரண்டு ஆட்டோக்களையும் ஒதுக்கினார். பஸ் நகர்ந்தது, ஆம்புலன்ஸ் பறந்தது.

என் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருந்தார். பஜ்ஜி என்று அவ்வளவு உறுதியாக எப்படித் தெரிந்தது என்று கேட்டார். புதுக் கேமரா, நல்ல தெளிவு என்றேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் சாதாரணமாக எங்களுக்குத் திரும்பப் பேசுவதில்லை. அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் அந்த டிரைவர் கூப்பிட்டார். பெண் குழந்தையாம், தாயும் பிழைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனால், அவர் சாதம் வைத்து, ரசமும் கூட்டி வைத்திருந்தார். திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நான் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"அந்த வண்டியில இருந்தவங்க எப்படி இருக்காங்க?"

சொன்னேன். இனிமேல் அப்படி நிறுத்தமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். பஜ்ஜியைப் பற்றி எந்த வாக்குறுதியும் வரவில்லை.

மறுநாள் காலையில் அபராதச் செய்தி வந்தது, என் போனுக்கு. வண்டி என் பெயரில் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். உங்கள் ஆபீஸில் சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். படத்தை அனுப்பியதே நான்தான் என்றேன்.