சூசை அண்ணாச்சியின் பிரஷர்

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து இலவச மாத்திரை கொடுக்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது வாய். தோள்பை, வெயில், குரைக்கிற நாய், "நாளைக்கு வா" என்கிற வீடு, இதெல்லாம் பழகிய அக்கா தங்கைகள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நான் பத்தாவது முடித்து, உப்பளத்தில் உப்பு சுமந்து, மகள் பால்வாடிக்குப் போகத் தொடங்கியதும் இந்த வேலைக்கு வந்தவள். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரும் பக்கத்து உப்பளத் தெருவும் என் பொறுப்பு.

மூன்று லிட்டர்

உப்பளத்துப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. நான் படம் போட்ட அட்டையை விரித்துப் பிடித்து, தினமும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று பேசி முடித்தேன். முன்பு என்னோடு உப்பு சுமந்த செல்லக்கனி எழுந்தாள்.

"ஏளா மாரி, போன வருசம் வரைக்கும் நீயும் எங்ககூட வாயக் காயப்போட்டுத்தான கெடந்த? தண்ணிய நாங்க குடிக்கோம், மறைப்ப நீ கொண்டாருதியா?"

பிலோமி அக்காவின் ஒறுத்தல்

பிலோமி அக்காவுக்குச் சுகர். மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிற ஆள்; அவர் வீட்டில் எனக்கு வேலையும் குறைவு, டீயும் உண்டு. ஆண்டவருக்காக ஏதாவது ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்கிற தவக்காலத்தில் ஒருநாள் பார்த்தால் சுகர் முந்நூறைத் தாண்டி நிற்கிறது. மாத்திரை அட்டை பிரிக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. "எல்லாரும் மீன விடுதாங்க, கறிய விடுதாங்க. நான் ரெண்டும் எப்பவாச்சும்தான் திங்கேன். தெனமும் விடாமத் திங்கிறது இந்த மாத்திரதான், அதான் அத விட்டேன்" என்றார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழி ஓடியது. ஒரு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை நின்றேன். விழுங்கிவிட்டு அக்கா சொன்னார்:

"ஆண்டவருக்காக விட்டேன், அவரே ஒண்ணும் கேக்கல. நீ ஏம்ளா கெடந்து குதிக்க?"

நான் சத்தமாக வாசித்தது

அதே நாள், அதே வீடு. அக்காவின் கணவர் சூசை அண்ணாச்சி சங்கு குளிக்கப் போகிறவர். இப்போது போல் காற்றுக் குழாய் இல்லாமல், மூச்சடக்கியே குளித்துப் பழகிய ஆள். வந்ததுதான் வந்தோம் என்று அவருக்கும் பிரஷர் பட்டையைச் சுற்றினேன். மறுநாள் கடலுக்குப் போவதைப் பற்றிப் பேச, படகுக்காரர் லூர்து அண்ணாச்சி வாசலில் வந்து நின்றிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, "நூத்தி எழுபத்திரண்டு, நூத்தி நாலு!" என்றேன். அது சத்தமாக வாசிக்கிற எண் இல்லை என்பது, படகுக்காரர் முகம் மாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏலே சூசை, அடியில கெடந்து ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிலோமிக்கு எவன் பதில் சொல்ல? டாக்டரு சரின்னு சொல்லுத வரைக்கும் படகுப் பக்கம் வராத."

சாப்பாட்டு விசாரணை

ஒரு வாரம் தினமும் பிரஷர் பார்த்து எழுதி வாருங்கள், மாத்திரை வேண்டுமா என்று பிறகு சொல்கிறேன் என்றார் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். கடல் தெளிந்து கிடந்த சங்கு சீசன். படகுகள் போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அண்ணாச்சி. முதல் நான்கு நாளும் பிரஷர் நூற்று எழுபதை ஒட்டியே நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா டீயையும் நிறுத்திவிட்டார்.

பட்டை இறுகும்போது பேசக் கூடாது என்பது பயிற்சியில் சொன்ன விதி. ஐந்தாம் நாள் அந்த மௌனம் தாங்காமல், இறுகும்போதே "சாப்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் கன்னம் உப்பியிருந்தது. பட்டை தளர்ந்ததும் புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு, "ஆச்சு" என்றார். "இவ்வளவு நேரமும் மூச்சு விடாமலா இருந்திய?" என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல் பார்த்தார்.

"கைய இறுக்குனா ஒடம்பு தண்ணிக்குள்ள போயாச்சுன்னு நெனைக்கி. அங்கன எவனாவது மூச்சு விடுவானா?"

கரையில் ஒரு மூச்சு

அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். என்னைப் பார்த்து அவரும் விட்டார். மறுபடி பட்டையைச் சுற்றினால் நூற்று முப்பது, எண்பத்து நான்கு. இந்தத் தடவை எண்ணைச் சத்தமாக வாசிக்காமல் அவரையும் அக்காவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் மூச்சு விடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார், நம்பாமல் மறுநாளும் வரச் சொல்லிப் பார்த்தார். மாத்திரை வேண்டாம், கடலுக்குப் போகலாம், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். லூர்து அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் படகில் ஏற்றினார்.

அன்று மதியம் பால்வாடியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கரை வழியாக வந்தேன். சங்கு நிறைந்த வலைப்பையோடு இறங்கிய சூசை அண்ணாச்சி, தலையைத் துவட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஒம் மிஷினுக்காகக் கரையில மூச்சு விட்டாச்சு மாரி. கடலுக்குள்ளயும் வந்து 'விடுங்க அண்ணாச்சி'ன்னு நிக்காத."

எங்கள் பதிவேட்டில் வயது, எடை, உயரம், மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. 'மூச்சு விட்டாரா' என்பதற்கு மட்டும் இல்லாததால், அதை நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.