பள்ளி வாசலில் நின்ற மஜெல்லா

லிமரிக் நகரில் மஜெல்லா குவிலிகனின் வாய்க்கு அஞ்சாதவர்கள் கிடையாது. அவள் வேலை பார்க்கும் சிப்ஸ் கடைக்குக் குடித்துவிட்டு வந்து வம்பு செய்கிறவனை ஒரே அதட்டலில் தெருவுக்கு அனுப்பிவிடுவாள். ஆனால் மகள் ஓர்லாவின் பள்ளி வாசல் வந்ததும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். அவளும் படித்த பள்ளிதான் அது. பாடம் வாசிக்கத் தெரியாமல் வகுப்பு முழுக்கச் சிரிக்க நின்ற அன்றோடு அவள் படிப்பு முடிந்தது.

வெள்ளிதோறும் காலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து விளையாடலாம். ஓர்லாவின் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

ஒரு வியாழன் காலை கதவு தட்டப்பட்டது. மஜெல்லா திரைச்சீலை இடுக்கில் பார்த்தாள். பள்ளியின் சார்பில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வருகிற ஹெஃபர்னன் டீச்சர். டீச்சர் வீடு தேடி வந்தால் புகார்தான், வேறென்ன? சோபாவுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள்.

கதவில் கடிதம் போடும் துவாரம் திறந்தது.

"மஜெல்லா, உள்ள கெட்டில் கொதிக்குதும்மா. ஆளில்லாத வீட்ல டீ யாருக்கு?"

அசடு வழியக் கதவைத் திறந்தாள். "என்ன பண்ணித் தொலைச்சா எம்பொண்ணு?"

"அவ தங்கம். நான் உன்னத்தான் பாக்க வந்தேன். பால் கொஞ்சம் தாராளமா விடு."

இரண்டாவது கோப்பையில்தான் டீச்சர் பேச்சை எடுத்தார். "நாளைக்கு வாயேன். கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கா பிள்ள."

"நான் வந்து என்னத்தக் கிழிக்கப்போறேன் டீச்சர்? எதையாவது வாசிக்கச் சொன்னா அவ மானமும் சேந்து கப்பலேறிடும்."

"வாசிக்கச் சொல்றவங்கள நான் பாத்துக்கறேன். நீ பக்கத்துல உக்காரு, போதும்."

மறுநாள் எண்ணெய் வாடை போகத் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் கால் நின்றுவிட்டது. ஓர்லா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "நடம்மா! எல்லாரும் உள்ள போயாச்சு!"

பொம்மைக்குச் செய்தது போன்ற நாற்காலி. உட்கார்ந்ததும் கிறீச்சிட்டது. "ஆத்தாடி, இது தாங்குமா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மஜெல்லாவின் முகம் சுண்டியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓர்லா அவள் காதருகே கண்டிப்பாகச் சொன்னாள்: "அம்மா, இங்க கையத் தூக்கிட்டுத்தான் பேசணும்."

மஜெல்லா கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்க" என்றார் வகுப்பு டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எம்பொண்ணு மடியில ஏறப் பாக்குறா டீச்சர். அனுமதி உண்டா?"

அனுமதி வருவதற்குள் ஓர்லா ஏறிவிட்டாள். யாரும் கேட்காமலே பக்கத்துப் பையனிடம், "இது எங்கம்மா" என்றாள்.