ஐந்தாவது கால்

துராமாவின் மகள் குப்பிமாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஓடிவிட்டது. இன்னும் மடி நிறையவில்லை. அதற்கான வேண்டுதல் கிண்ணம் இப்போது துராமாவின் கையில் இருந்தது. சுரைக்கிண்ணத்தின் உள்ளே தேன்மெழுகு பூசி, வெயிலில் இளகவைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு பாசிமணியாக எடுத்து அழுத்தினாள். சாமிகள் வேண்டுதலைக் குடிப்பது இந்தக் கிண்ணத்தில்தான். நீல மான் நான்கு காலில் அழகாக நின்றது. ஒரு மணி பிசகவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"என்னம்மா முறைக்கிற? நல்லாத்தானே வந்திருக்கு?" என்றாள் குப்பிமா.

"அதாண்டி பிரச்சனை."

துராமாவும் ஒரு காலத்தில் பிள்ளைக்கு ஏங்கி, ஊரார் வாய்க்கு அவலாக இருந்தவள்தான். அந்த வருடம் கணவன் செனோபியோ, அவள் செய்த கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, யாத்திரைக் கூட்டத்தோடு சூரியன் பிறந்த பாலைவனத்துக்கு நடந்தான். வழியில் மூட்டும் நெருப்புதான் மூத்த சாமி; அந்த நெருப்புத் தாத்தாவிடம் காட்டாமல் எந்தக் காணிக்கையும் போகாது. மற்றவர்கள் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். இந்த மனுஷன் மட்டும், தாத்தா நன்றாகப் பார்க்கட்டுமென்று பக்கத்திலேயே வைத்துவிட்டான். மெழுகு உருகி, மானின் கால்கள் வழிந்துபோயின. பாசிமணியைத் தொட்டே அறியாதவன், கற்றாழை முள்ளால் தானே ஒட்டவைத்தான். கிண்ணத்தைப் பாலைவனத்திலேயே சாமிக்கு வைத்துவிட்டு ஊர் திரும்பியதும் தலையைச் சொறிந்தான்.

"மானுக்கு அஞ்சு காலாப் போச்சு, துராமா. வேகமாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"உங்கிட்ட குடுத்தனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மக்காச்சோளம் விதைக்கும்வரை அவள் அவனோடு பேசவில்லை. பேச்சுதான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. விதைக்கிற நேரத்தில் மசக்கை வந்தது. அவளே போய்ப் பேசினாள்.

அவன் செத்துச் சில மழைக்காலம் ஆகிறது. அந்த ஐந்தாவது காலை அவள் பார்த்ததேயில்லை. இப்போது தானே வைத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே கோணலாக வைத்தாலும் பழகிய கை அழகாகவே கோணியது. பிய்த்துப் போட்டுவிட்டு, விறகு பிளந்துகொண்டிருந்த மருமகன் அகாபீத்தோவைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ள, கையக் கழுவிட்டு வாங்க. இந்த மானுக்கு இன்னொரு கால் வைங்க."

"எனக்குப் பாசி வைக்கவே வராதே அத்தை."

"வராததாலதான் கூப்பிடுறேன்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தான். பாதி மணி கவிழ்ந்தது. கால், வாலுக்குப் பக்கத்தில் போய் முளைத்தது. சரிசெய்ய வந்த குப்பிமாவின் கையைத் துராமா தட்டிவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"தொடாதடி. உங்கப்பா வச்சது இப்படித்தான் இருந்திருக்கும்."