அலமாரிக் கதவில் நின்ற பெண்

அலமாரிக் கதவில் தெரிந்த அந்தப் பெண்ணுக்கு நான் ஏன் குங்குமம் வைத்தேன்?

திலக் நகருக்குக் குடிவந்தபோது வாங்கிய பழைய தேக்கு அலமாரி அது. அப்போது ஐந்து வயதான என் மகள் அதன்முன் உட்கார்ந்து, மரத்தின் ரேகைகளில் படம் பார்ப்பாள். ஒரு முடிச்சு மீனின் கண். இடது கதவில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. மகள் விரல் வைத்துக் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். "அவங்களுக்கும் வைம்மா" என்றாள் மகள், அலமாரிக் கதவைக் காட்டி. வைத்தேன்.

அன்று மாலை என் கணவரின் அக்கா தாராவியிலிருந்து வந்தார்.

"இது என்னட்டி?"

"சும்மா விளையாட்டு, மதினி."

"இடுப்புல பிள்ள இருக்கு. இது இசக்கி அம்மன்லா. வெளையாட்டுக்கா பொட்டு வச்ச? படிச்ச லட்சணம்."

செருப்போடு உள்ளே வந்திருந்தவர், வெளியே போய் அதைக் கழற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளி நான்கு பெண்களோடும் வேப்பிலையோடும் வந்து, மகளை அலமாரிமுன் உட்கார வைத்தார். "ஆத்தா என்ன கேக்கான்னு சொல்லுளா."

"ஒண்ணும் கேக்கல. பஸ்ஸுக்கு நிக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கற்பூரப் புகையில் இருமியபடி அவள் என்னைப் பார்த்தாள். மதினியை எதிர்த்துப் பேசக் கூடாதென்று நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"பொங்கல் வேணுமாம்" என்றாள் கடைசியில். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது பொய் என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

இப்படியே மூன்று வெள்ளி. "அக்கா மனசு நோவும், விடு" என்றார் கணவர். நான்காவது வெள்ளிக்கு முன்னால், கிங்ஸ் சர்க்கிளில் பச்சை பெயிண்ட் வாங்கிவந்து நானே கதவு முழுவதும் பூசினேன். மதினி வருவதை நிறுத்திக்கொண்டார். மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

பெயிண்ட் பூசிய அன்று, பள்ளியிலிருந்து வந்த மகள் கதவையே பார்த்தாள். "நான் பொய் சொன்னதாலயா அவங்கள அழிச்ச?"

இல்லை என்றேன்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. போன வாரம் ரயிலில் மரப்பலகை இருக்கையைத் தடவிக்கொண்டே வந்தாள். "என்ன தெரியுது?" என்று ஆசையாகக் கேட்டேன். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் கட்ட."

அன்று அவளைப் பொய் சொல்ல விட்டது நான்தான் என்று இந்த வயதில் அவளிடம் ஒப்புக்கொள்ளலாமா? அல்லது மறக்கட்டும் என்று விட்டுவிடுவதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.