கமாண்டர் வீட்டின் இரண்டாவது பிரதி

அவளுக்கு வேலை ஆல்டரேஷன். பெரிய துணிக்கடையின் பின்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு டியூப்லைட், கொக்கியில் வரிசையாக யார் யாருடைய பேன்ட்டுகளோ. இடுப்பைப் பிடி, நீளத்தை மடித்து அடி. இருபத்திரண்டு வருஷமாக இதுதான். சாப்பாட்டு இடைவேளையில் ஏதாவது படிப்பாள். பிடித்தால் கடைசி எழுத்துவரை போவாள், பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

புருஷன் பல்செட் செய்கிறவர். அந்தப் பெருமை அவருக்குப் போதவில்லை. டி.வி.யில் 'சாம்பல் நிலா நிலையம்' என்று ஒரு விண்வெளித் தொடர் வந்தது. அதன் ரசிகர்கள் இணையத்தில் ஒரு மன்றம் நடத்தினார்கள். அங்கே இவருக்குப் பெயர் கமாண்டர். நானூற்றுச் சொச்சம் பேர், பாதிப் பேருக்கு மீசை நரைத்துவிட்டது, கப்பல் கதவு இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கமா என்று நாள் கணக்கில் அடித்துக்கொள்கிற கூட்டம். கேப்டன் எரிகிற கப்பலுக்குள் ஓடுவதோடு தொடர் பாதியில் நின்றுபோனது. ஆள் பிழைத்தாரா, செத்தாரா? நாலு வருஷமாகக் கமாண்டர் இந்தக் கேள்வியோடுதான் எழுந்தார், இந்தக் கேள்வியோடுதான் படுத்தார்.

அப்போதுதான் அந்தத் தொடரை நாவலாக்கி முதல் பாகம் வெளியிட்டார்கள். டி.வி.யில் வந்த கதை இதில், வராத கதை அடுத்த பாகத்தில். இரண்டு மாதத்துக்குள் வாசகர்கள் சொல்லும் கருத்தைப் பார்த்துத்தான் அடுத்த பாகம் என்று பதிப்பகம் அறிவித்தது.

கமாண்டர் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று, சிவப்புப் பேனாவால் கோடு போட. மற்றது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைக்க. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். புத்தகத்தைப் படிக்காமல் வைத்திருந்து மதிப்புக் கூட்டுகிற மூளை இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் வாய்க்கும்.

அவர் பல்செட் லேபுக்குப் போயிருந்தபோது அவள் உறையின் அடியைக் கத்தரியால் நறுக்கினாள். மேலட்டையை உள்ளேயே விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் உருவினாள். அந்தக் கனத்துக்கு ஒரு பழைய துணி கேட்லாக்கைச் செருகிப் பழையபடி நிறுத்தி வைத்தாள். தினம் அதன்மேல் தூசி தட்டிய கமாண்டருக்கு எதுவும் தெரியவில்லை.

கதையில் கப்பலுக்கு ஒரு டாக்டரம்மா. ஊரிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்து சேர ஒன்பது நாள் ஆகும். அம்மாவின் கடைசிப் பேச்சு வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. டாக்டரம்மா அந்தக் குரலுக்கு "ம்", "சரிம்மா" என்று பதில் சொல்லிக்கொண்டே ஒரு காய்ச்சல்காரனுக்கு ஊசி போடுகிறாள். இதைப் படித்துவிட்டு அவள் பின்னறையில் உட்கார்ந்து அழுதாள். தன் அம்மா போன செய்தி வந்த அன்று, யாரோ மாப்பிள்ளையின் கோட்டுக்குக் கைநீளம் குறைத்துக்கொண்டிருந்தவள் அவள். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

தன் பிரதியில் அதே பக்கத்தில் கமாண்டர் சிவப்பில் எழுதியிருந்தார்: 'தொடரில் இல்லை. எழுதியவரின் சொந்தச் சரக்கு.' ஒருபக்கம் தொடரை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, மறுபக்கம் புத்தகத்தைத் தடவிப் பிழை பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாற்பத்தொரு பிழை சேர்ந்ததும் மூடிவிட்டார். பதிப்பகத்தின் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டார். புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் உட்பட மன்றமே பின்னால் போய் ஆளுக்கொரு நட்சத்திரம் குத்தியது.

அவள் அங்கேயே 'ஊசிநூல்' என்ற பெயரில் இரண்டே வரி எழுதினாள்: 'இந்த டாக்டரை எனக்குத் தெரியும். அடுத்த பாகம் எனக்குக் கட்டாயம் வேண்டும்.'

மறுநாள் சாப்பிடும்போது கமாண்டர் போனை எடுத்தார். "ஊசிநூல்னு எவளோ ஒருத்தி வந்து உளறியிருக்கா. நான் குடுத்த பதிலைக் கேளு. 'அழுவதற்குக் குடும்பத் தொடர்கள் இருக்கின்றன அம்மணி. இது விஞ்ஞானம். உமக்கெல்லாம் எட்டாது.' எப்படி, நறுக்குனு இருக்கில்ல?"

"நீங்க முழுசா படிச்சீங்களா?"

"முழுசா எதுக்கு? ஒரு பல்லைப் பார்த்தா தாடையே தெரிஞ்சிடும் எனக்கு."

பாதிச் சாப்பாட்டில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். அவமானமாக இருந்தது, தனக்காக அல்ல, இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்காக.

இரண்டு மாதம் கழித்துப் பதிப்பகம் அறிவித்தது: வாசகர் வரவேற்பு இல்லாததால் அடுத்த பாகம் கிடையாது.

கமாண்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வேற ஆளை வெச்சு எழுதுவாங்கன்னு நெனச்சேன். அப்ப கேப்டன்?"

அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"இது... அலமாரில இருந்ததா?" என்று அலறினார். அந்த நேரத்திலும் அதுதான் கவலை.

"படிங்க மொதல்ல."

படித்தார். நாவலாசிரியரின் குறிப்பு அது. ஒளிபரப்பான தொடரைப் பார்த்து அவர் எழுதவில்லை. தொடரை எழுதியவரே கொடுத்த மூல வசனப் பிரதியை வைத்து எழுதியிருந்தார். டாக்டரின் அம்மா வரும் காட்சி படமாக்கும்போது நேரம் போதாமல் வெட்டப்பட்டதாம். கேப்டன் கதையின் முடிவும் அந்தப் பிரதியில் இருக்கிறதாம். கீழே அவருடைய முகவரி.

"நாற்பத்தொண்ணும் பிழையில்லையா அப்போ?"

"இல்ல. அப்புறம், அந்த உளறுனவ நான்தான்."

கமாண்டர் வாயைத் திறந்தார், மூடினார். பல்செட் மாட்டிப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது.

அன்றே அவள் நாவலாசிரியருக்குக் கடிதம் போட்டாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது, கையெழுத்தில் எட்டுப் பக்கம். டாக்டரம்மா என்ன ஆனாள், கேப்டன் என்ன ஆனார், எல்லாம் அதில் இருந்தது. தன் புத்தகத்துக்காக வந்த ஒரே கடிதம் இதுதான் என்றும் எழுதியிருந்தார். கூடத்தில் புருஷன் எதிரிலேயே உட்கார்ந்து படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தை. உயிரோட இருக்காரா இல்லையா?"

"சொல்றேன். படிக்காமலே ஏசிட்டேன், என் மேலதான் தப்புன்னு உங்க மன்றத்துல நாலு பேர் பாக்க எழுதுங்க. அந்த மனுஷர் கிட்ட மன்னிப்பும் கேளுங்க. எழுதுன அன்னிக்கே காயிதத்தை உங்க கையில குடுக்கறேன்."

கமாண்டர் மேசையில் போய் உட்கார்ந்து, மன்றத்தைத் திறந்து, 'நண்பர்களே' என்று அடித்தார். அதன்பின் ஐந்து வாரம் போய்விட்டது. தினமும் உட்கார்கிறார். தினமும் அந்த ஒரு சொல்லோடு எழுந்துவிடுகிறார்.